மோகனத்துக்கு ஆறு வால்வு

பிவிசி குழாயில் ஊதல்கள் செய்து, கணினி சொல்கிறபடி அவற்றுக்குக் காற்று விடும் ஒரு குட்டி ஆர்கன் கட்டிக்கொண்டிருக்கிறேன். குழல்கள் தயார், காற்றுப் பெட்டியும் தயார். இழுத்துக்கொண்டே போனது வால்வுதான். மோகன ராகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இசைக் காரணம் எதுவும் இல்லை. ஸ ரி க ப த, மேல் ஸ என்று ஆறே சுரத்தில் வேலை முடியும். சங்கராபரணம் என்றால் எட்டு வால்வு வேண்டும், சாலிடர் வேலையும் அதற்கேற்பக் கூடும்.

குழல் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கால் அங்குல பிவிசி, ஒரு முனை தக்கையால் அடைத்தது. கீழ் ஸட்ஜம் 523 ஹெர்ட்ஸ். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும், அதில் கால் அலை நீளம் 16.7 செ.மீ. மேல் ஸட்ஜத்துக்கு அதில் பாதி. கொஞ்சம் நீளமாகவே வெட்டிக்கொண்டு, தக்கையை உள்ளே தள்ளித் தள்ளிச் சுருதி சேர்த்தேன். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுருதி 3 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு, அளவுக்கு ஏறும். ஆறும் சேர்ந்தே ஏறுவதால் தனியாக வாசிக்கும்போது தெரியாது. பக்கத்தில் தம்புரா வைத்தால் மே மாத மதியத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

காற்று, மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்ப்பிலிருந்து வருகிறது. பம்ப் வேறு அறையில், நடுவில் நீளமான குழாய். பெட்டியின் பக்கவாட்டில் ஒளி புகும் குழாயை ‘யு’ மாதிரி வளைத்து, நீலம் கலந்த தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 75 மி.மீ. இதுதான் என் காற்றழுத்தம், கிட்டத்தட்ட 735 பாஸ்கல். சைக்கிள் டியூபில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது அழுத்தமே இல்லை. வால்வு வாங்கப் போகும்போது சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் கடையில் கிடைக்கும் வால்வு எதுவும் இவ்வளவு மெல்லிய காற்றுக்காகச் செய்யப்பட்டதில்லை.

பெட்டியில் ஏற்கெனவே கிடந்த 12 வோல்ட் தண்ணீர் வால்வைத்தான் முதலில் மாட்டிப் பார்த்தேன். அரை அங்குலம், வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு. அதன் மேல் 0.02 முதல் 0.8 மெகாபாஸ்கல் என்று அச்சடித்திருக்கும். பலரும் அந்த 0.8-ஐப் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். கவனிக்க வேண்டியது 0.02. இந்த வகையில் காயில், அதாவது மின்கம்பிச் சுருள், ஒரு ஊசித்துளையை மட்டுமே திறக்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் படலத்தைத் தூக்கிவிடுவது தண்ணீரின் அழுத்தம்தான். அதற்குக் குறைந்தது 2 மீட்டர் உயரத் தண்ணீர் வேண்டும். என்னிடம் இருப்பது ஏழரை சென்டிமீட்டர். காயில் டக்கென்று இழுக்கிறது, காற்று மட்டும் வரவில்லை. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து செடிக்குத் தண்ணீர் விடுபவர்களும் இதே எண்ணில்தான் மாட்டுகிறார்கள். தொட்டியும் குழாயும் ஒரே தளத்தில் இருந்தால் அந்த 2 மீட்டர் கிடைக்காது. அவர்களுக்கு மோட்டார் வைத்த ‘பால்’ வால்வு, உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பும் வகை, அதுதான் சரி. திறக்கச் சில நொடி எடுத்துக்கொள்ளும், குழாயை அதிரவைக்காது, திறந்தபின் மின்சாரமும் கேட்காது. ஒன்று மட்டும், மின்சாரம் போனால் அது இருந்த நிலையிலேயே நின்றுவிடும். எனக்கு அது ஆகாது. சுரத்துக்கு ஐந்து நொடி என்றால் அது கச்சேரி இல்லை.

அடுத்தது ரத்த அழுத்தக் கருவிக்குள் இருக்கும் 6 வோல்ட் குட்டி வால்வு. சத்தம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கைப்பட்டையிலிருந்து காற்றை வெளியேற்றச் செய்த வால்வு என்பதால், மின்சாரம் இல்லாதபோது திறந்தும் மின்சாரம் வந்தால் மூடியும் இருக்கும். அதை நிரலில் தலைகீழாக்கிவிடலாம். துளைதான் பிரச்சினை, 2 மி.மீ. விட்டம், அதாவது சுமார் 3 சதுர மி.மீ. என் குழலின் வாய்க் கீற்று 14 மி.மீ. நீளம், 0.7 மி.மீ. அகலம், ஏறக்குறைய 10 சதுர மி.மீ. வழி கீற்றைவிடச் சிறிதாக இருந்தால் அழுத்தம் முழுக்க வழியிலேயே கரைந்துவிடும். கணக்குப் போட்டால் 75 மி.மீ.யில் குழலுக்கு மிஞ்சுவது 7 மி.மீ. குழல் பாடவில்லை, மூச்சு மட்டும் விட்டது.

இந்தக் கணக்குப் போட்டபிறகுதான் வேலை ஒரு வழிக்கு வந்தது. வால்வின் வழி கீற்றைப் போல 4, 5 மடங்கு இருந்தால் போதும், இழப்பு 4 முதல் 6 சதவீதத்துக்குள் நிற்கும். பெட்டியின் பலகையில் 10 மி.மீ. துளை, அதன்மேல் உள்பக்கமாக ஒரு தட்டு. தட்டை 1.5 மி.மீ. தூக்கினாலே சுற்றிலும் 47 சதுர மி.மீ. வழி கிடைக்கிறது. அதற்குமேல் தூக்குவது வீண். தட்டைப் பெட்டிக்குள் இருக்கும் காற்றே துளைமேல் அழுத்திப் பிடிக்கிறது, பெரிய குழல் ஆர்கனிலும் அப்படித்தான். அந்தப் பிடியை விடுவிக்கத் தேவையான விசை 6 கிராம் எடைக்குச் சமம். ஒரு பத்து ரூபாய் நாணயம் இதைவிடக் கனம்.

இப்போது கடையில் எல்லாரும் எடுத்துக் கொடுக்கும் 12 வோல்ட் சொலினாய்டைப் பாருங்கள். இரும்புச் சட்டத்துக்குள் காயில், நடுவில் போய்வரும் கம்பி. அதன் விசை 5 நியூட்டன், அரைக் கிலோ. எனக்கு வேண்டியதைப் போல 85 மடங்கு. அந்த மிச்ச விசைதான் சத்தமாக வருகிறது. தட்டு துளையை விட்டு எழும்பிய கணமே காற்றின் பிடி போய்விடும், எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கம், இரும்புக் கம்பி காயிலுக்குள் போகப் போக இழுவிசை கூடிக்கொண்டே போகும். ஆகப் பாதையின் முடிவில்தான் வேகம் அதிகம், அங்கே இரும்பு இரும்பில் மோதுகிறது. ‘சைலண்ட்’ என்று பெயர் போட்டு விற்பதிலும் இந்த அமைப்பு மாறுவதில்லை, உள்ளே ஒரு ரப்பர் வளையம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

சத்தத்தை அளக்கக் கைபேசிச் செயலியை வைத்துக்கொண்டேன். அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், ஒன்றுக்கொன்று ஒப்பிட மட்டும் உதவும். மின்விசிறியை நிறுத்திய இரவில் அறை 33 டெசிபல். சொலினாய்டை விரல்களில் பிடித்துக்கொண்டு இயக்கினால் 57. அதையே பெட்டியின் 6 மி.மீ. பிளைவுட்டில் திருகி இயக்கினால் 68. பலகை தவில் தோல் போல நடந்துகொள்கிறது. திருகுக்கு அடியில் கிராமெட் என்ற ரப்பர் வளையம் போட்டதும் 60-க்கு இறங்கியது. சத்தத்தில் பாதி வால்வுக்குச் சொந்தம், பாதி அதை மாட்டிய இடத்துக்குச் சொந்தம். எந்த வால்வு வாங்கினாலும் கிராமெட் போடுங்கள், விலை சொற்பம்.

சின்ன சர்வோ மோட்டாரும் பரிசோதனைக்கு வந்தது. மோதல் இல்லை, ஆனால் பல்சக்கரம் ஒவ்வொரு சுரத்துக்கும் ஜீங் என்கிறது. அசையாமல் நிற்கும்போதும் மெல்ல முனகுகிறது. குழல் ஊதும்போது அது பொறுக்கக்கூடியதுதான், இடைவெளியில் பொறுக்க முடியவில்லை.

விசை குறைவாக வேண்டும், பாதை முழுக்க ஒரே சீராக வேண்டும், இரும்பு இரும்பில் மோதக்கூடாது. இந்த மூன்றையும் தாளில் எழுதி வைத்துப் பார்த்தால் அது ஒலிபெருக்கிக் காயிலின் விவரக்குறிப்பு. நிலைகாந்தத்தின் புலத்தில் மிதக்கும் காயில், மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் விசை. அதே அமைப்பு, நல்ல தாங்கியோடு, ஒவ்வொரு பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கிறது. சுழலும் தகட்டின் மேல் தரவைப் படிக்கும் தலையை அசைக்கும் கை.

எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் செத்துப்போன மூன்றரை அங்குல டிஸ்குகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். நட்சத்திரத் தலைத் திருகுகளுக்கு டி8 திருப்புளி வேண்டும். ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு திருகு ஒளிந்திருக்கும், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். உள்ளே இரண்டு காந்தத் தகடுகள், நடுவில் முக்கோணக் காயிலோடு கை. காந்தத் தகடுகளைப் பிரிக்கும்போது விரல் நடுவில் இருக்கக்கூடாது. கையை ஓய்வில் பிடித்து வைக்கும் குட்டிக் கொக்கி ஒன்று ஓரத்தில் இருக்கும். அதைக் கழற்றாவிட்டால் கை பாதி வழியில் ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கிடைத்தவற்றில் காயில் 8 முதல் 14 ஓம். 100 மில்லியாம்பியர் விட்டாலே தட்டு எழும்புகிறது. அதாவது ஒரு வோல்ட்டைச் சுற்றி. கைபேசி சார்ஜரின் 5 வோல்ட் தாராளம்.

கையின் நுனியில் தட்டு, தட்டின் அடியில் 2 மி.மீ. கம்பளி ஃபெல்ட், அதன்மேல் மெல்லிய ஆட்டுத்தோல். தோல் வாங்க மயிலாப்பூர் பக்கம் ஆர்மோனியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். நான் வெட்டி ஒட்டியிருந்த மாதிரியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“வழவழப்புப் பக்கத்த ஓட்டை மேல வெச்சிருக்கீங்களே தம்பி. சொரசொரப்புதான் கீழ வரணும். அது அமுங்கி உக்காரும், சத்தமும் வராது.”

“காத்து கசியாதாங்க ஐயா?”

“கசியாது. மூடுறப்போ ‘பொத்’துனு கேட்டா தோல் சரி. ‘சப்’புனு கேட்டா ஒட்டுதுன்னு அர்த்தம்.”

முன்பு போட்டுப் பார்த்த சிலிக்கோன் ரப்பரில் கேட்டது அந்தச் ‘சப்’ தான். காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். செருப்புக் கடையில் கிடைக்கும் ஈவிஏ ஃபோம் முதலில் அமைதியாக இருக்கும், பிறகு துளையின் வட்டம் அதில் பதிந்து இறுகிவிடுகிறது. தோலுக்கு மாற்று எனக்குக் கிடைக்கவில்லை.

திரும்ப மூடுவதற்கு ஸ்பிரிங். பேனா ஸ்பிரிங் முரட்டுத்தனம். கிட்டாரின் முதல் தந்தியை வளைத்துப் போட்டேன், 10 கிராமுக்குள் அடங்குகிறது.

காயில்களுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்துவது யுஎல்என்2003 என்ற சில்லு. ஒரே சில்லில் 7 வழி, எனக்கு 6 போதும். காயிலின் எதிர்மின்னை விழுங்கும் டையோடுகளும் உள்ளேயே இருப்பதால் வெளியே தனியாக எதுவும் வைக்கவில்லை. இதற்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற தனி டிரான்சிஸ்டர் வைப்பவர்கள் 1என்4007 டையோடுக்குப் பதில் 1என்5819 போடுங்கள், மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து அளவைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் முறையின் வேகத்துக்கு முந்தையது ஈடுகொடுக்காது.

பிடபிள்யூஎம் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினிப் பலகையின் பெரும்பாலான பின்களில் அதன் வேகம் 490 ஹெர்ட்ஸ். அந்தத் துடிப்பைக் காயில் அப்படியே பாடுகிறது. என் ஸட்ஜம் 523 என்றால் 490 என்பது அதற்குச் சற்றுக் கீழே நிற்கும் நிஷாதம். மோகனத்தில் நிஷாதமே கிடையாது. ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் கொசு போல ஒரு நிஷாதம் ரீங்காரமிட்டது. வேகத்தைக் காது எட்டாத 20 ஆயிரத்துக்கு மேலே கொண்டுபோக வேண்டும். ஊனோவில் இரண்டு பின்களுக்கு அது எளிது. எல்லாப் பின்களுக்கும் செய்யப்போனால் நேரக்கணக்கு குழம்பும். ஈஎஸ்பி32 என்ற வேறு பலகைக்கு மாறி 25 ஆயிரம் ஹெர்ட்ஸ் வைத்தேன். நிஷாதம் போயிற்று.

பிறகு காயிலுக்குக் கொடுக்கும் மின்சார உதையை வடிவமைத்தேன். திறக்கும்போது 8 மில்லிநொடிக்கு 150 மில்லியாம்பியர், தட்டு எழும்பியதும் 70-க்கு இறக்கம். மூடும்போது ஒரேயடியாக நிறுத்தாமல் 12 மில்லிநொடியில் படிப்படியாகக் குறைத்தால் ‘பொத்’தும் அடங்குகிறது. இதையே 40 மில்லிநொடியாக இழுத்தால் குழலின் அழுத்தம் மெல்ல இறங்கி, சுரத்தின் வால் பூனை போலக் கீழே வழிகிறது. இதை வைத்துக் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, செய்யலாமா என்று ஒரு மாலை முழுக்க முயன்றேன். சுருதி அசைவதற்குள் தொனி செத்துவிடுகிறது. கமகமில்லாத மோகனத்தைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கலாம், அது நியாயம்தான்.

சோதனைக்கு மோகனச் சுரங்களில் ஜண்டை வரிசை. ஸஸ ரிரி கக என்று ஒரே சுரம் இரட்டிக்கும்போதுதான் வால்வின் குணம் தெரியும். முழுதாக மூடாமல் மறுபடி திறந்தால் இரண்டு ஸட்ஜமும் ஒன்றாகிவிடும். மூன்றாம் காலத்தில், நொடிக்கு 4 சுரம் வேகத்தில், இரட்டை இரட்டையாகவே கேட்டது. குழல் ஊதாமல் வால்வை மட்டும் இயக்கினால் செயலி 36 காட்டுகிறது, அறையோ 33.

நான்கு வால்வு மாட்டியாயிற்று. தைவதத்துக்கு இன்னொரு டிஸ்க் வேண்டும். மேல் ஸட்ஜத்துக்குக் கீற்று குட்டை என்பதால் 8 மி.மீ. துளையே போதும், விசையும் 4 கிராமுக்குக் கீழே. அதற்கு மட்டும் 5 வோல்ட் ரிலே ஒன்றின் மூடியைக் கழற்றி, தொடுமுனைகளை நீக்கி, அதன் இரும்பு நாக்கில் தட்டை ஒட்டிப் பார்க்கப்போகிறேன். நாக்கும் இரும்புக் கருவும் மோதும் இடத்தில் ஃபெல்ட்டில் ஒரு துணுக்கு வைத்தால் ‘டிக்’ அடங்க வேண்டும். காயில் 70 ஓம், 5 வோல்ட்டில் 71 மில்லியாம்பியர், யுஎல்என்2003-இன் ஆறாவது வழியில் அப்படியே உட்காரும்.