பழைய காரின் ஏசியில் கேஸ் கசிந்த இடம்

செங்கோட்டையிலிருந்து புனலூர், கொல்லம் என்று அடிக்கடி போய்வரும் எனக்கு, தென்மலையைத் தாண்டியதும் புழுக்கம் தொடங்கிவிடுவதால், காரில் ஏசி இல்லாமல் சரிப்படாது. 2004-ஆம் ஆண்டில் வாங்கிய அந்தப் பெட்ரோல் காருக்குக் கோடைதோறும் கேஸ் நிரப்புவதும், அடுத்த கோடைக்குள் அது வெறும் காற்றை வீசத் தொடங்குவதுமாக இருந்தது. "கேஸ் அடிச்சு விட்டிருதேன், இந்தச் சீசனுக்கு ஓடிரும் அண்ணாச்சி" என்றார் மெக்கானிக். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் அடிக்க வேண்டாம் என்று இம்முறை உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

எங்கள் முதல் சந்தேகம், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரில், சுழலும் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் ஷாஃப்ட் சீல் மீதுதான். சாரல் மாதங்களில் ஏசியைத் தொடுவதே இல்லை; அப்படிச் சும்மா கிடந்தால் ஆயில் சுற்றாமல் சீல் காய்ந்து கசியக்கூடும். ஆனால் கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தே வரும், அதன்மேல் தூசி படிந்து கறுப்பாக அப்பிக்கொள்ளும். கம்ப்ரஸர் கிளட்ச் ஓரத்திலோ, கேஸின் சூட்டை ஆற்றும் கண்டென்ஸரிலோ குழாய் இணைப்புகளிலோ அப்படி ஒரு கறையும் இல்லை. வெளியே எங்குமே கறை இல்லாதபோது, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அங்கே கசியும் ஆயிலை, காயிலில் ஊறும் தண்ணீர் வடிகுழாய் வழியாகக் கழுவிக்கொண்டு போய்விடும்.

சிஸ்டத்தில் கொஞ்சம் ஆர்-134ஏ என்னும் ஏசி கேஸை விட்டு, அதன்மேல் நைட்ரஜனை ஏற்றி அழுத்தம் கொடுத்தார் மெக்கானிக். சாதாரண காற்றை ஏற்றினால் ஈரம் உள்ளே போய்விடும். வெளி இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தபோது ஒரு குமிழிகூட எழவில்லை. பின்னர், இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால், புளோயரை ஓடவிடாமல் வண்டியைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு, கசிவு காட்டும் கருவியின் முனையை வடிகுழாயின் வாயில் வைத்தார். அது விடாமல் கத்தியது.

டேஷ்போர்டைக் கழற்றுவதுதான் பெரிய வேலை; காயிலின் விலையைவிட அதற்கான கூலி அதிகம். வெளியே எடுத்த காயிலின் அடி மூலையில் மக்கிய இலைத்தூளும் சேறும் அடைத்து, அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து, அந்த இடத்தில் மட்டும் ஆயில் பிசுபிசுத்தது. புதிய காயிலோடு, ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் இணைப்புகளில் உள்ள ரப்பர் ஓ-ரிங்குகளையும் மாற்றினோம். பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்குவம் போட்டு, பம்பை நிறுத்திய பிறகும் அழுத்தம் காட்டும் கேஜின் முள் நகராமல் நின்றதைப் பார்த்து, கசிவு இல்லை என்று தெரிந்த பின்னரே, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கின்படி எடைபோட்டுக் கேஸ் ஏற்றப்பட்டது. அழுத்தத்தை மட்டும் பார்த்து ஏற்றுவதை நான் நம்புவதில்லை. எஞ்சின் ஓடாதபோது 30 டிகிரி வெப்பத்தில், உள்ளே சிறிதளவு திரவம் மிஞ்சியிருந்தாலும் முள் 97 பிஎஸ்ஐ அருகே காட்டும்; கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெரியாது.

கொல்லம் வரை இப்போது குளிர்ச்சிக்குக் குறைவில்லை. டேஷ்போர்டைத் திரும்பப் பூட்டும்போது சில கிளிப்புகள் உடைந்துவிட்டதால், புளியரை வளைவுகளில் அது கடகடவென்று ஆடுகிறது; அடுத்து அதைப் பார்க்க வேண்டும்.