டிக்டாக் கிளிப்பும் நான் அச்சடித்த ஸ்பிரிங்கும்

அக்கா மகளுக்குத் தலைவாரும்போது அவளுடைய டிக்டாக் கிளிப்பை அழுத்தி அழுத்திப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். முதலில் விரலை எதிர்க்கும். ஒரு கட்டம் தாண்டினால் எதிர்ப்பு குறைந்துகொண்டே வந்து, டிக்கென்று மறுபக்கம் புரளும். “சித்தி, குடுங்க” என்று பிடுங்கிக்கொள்வாள். எதிர்ப்பு குறையும் அந்த இடத்தில்தான் நான் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன்.

எங்கள் ஆய்வகம் மூன்றாவது மாடி. வராந்தாவில் யாராவது நடந்தால் மைக்ராஸ்கோப்பில் படம் கலங்கும். அம்மாவிடம் புலம்பினேன். “மிக்ஸிக்கு அடியில வைக்கிற மாதிரி துணிய நாலா மடிச்சு வையேண்டி.” மிக்ஸிக்கு அது சரியான வைத்தியம்தான்: நிமிடத்துக்கு 18,000 சுற்று என்றால் நொடிக்கு 300 அதிர்வு. தரை ஆடுவதோ நொடிக்கு ஐந்தாறு தடவை. மைக்ராஸ்கோப் மேசைக்கு அடியில் எந்த ஸ்பிரிங்கை வைத்தாலும், அது தன் இயல்பு அதிர்வெண்ணைப் (தட்டிவிட்டால் தானாக நொடிக்கு எத்தனை தடவை ஆடுமோ அது) போல 1.41 மடங்குக்கு மேற்பட்டதைத்தான் குறைக்கும்; அதற்குக் கீழே ஆட்டத்தைக் கூட்டிவிடும். 5 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு ஐந்து ஆட்டத்தை, நன்றாக அடக்க 1 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங் வேண்டும். அது எந்த எடைக்குச் செய்யப்பட்டதானாலும் அந்த எடையில் 25 செ.மீ. அமுங்கி நிற்கும். மேசையா, ஊஞ்சலா?

கிளிப் உதவிக்கு வருவது இங்கே. சாய்வான மெல்லிய பட்டைகளை அமுக்கினால் விசை ஏறிப் பிறகு இறங்கும். கூடவே ஒரு சாதாரண ஸ்பிரிங்கைச் சேர்த்தால் அதன் ஏற்றமும் இதன் இறக்கமும் கழிந்து, நடுவில் விசை மாறாத சமதளம் கிடைக்கும். எடையைத் தாங்கும், ஆட்டத்துக்கு விறைப்பு காட்டாது. கரண்டும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம்.

எவ்வளவு அமுக்கினால் எவ்வளவு விசை என்று காட்டும் கோட்டை நான் வரைந்து கொடுப்பேன். பட்டையின் தடிமன், நீளம், சாய்வை மாற்றி மாற்றி அதை நெருங்குவது கணினியின் பாடு. முதல் மாதம் முழுக்க, விசை உச்சியைத் தொட்டதும் கணக்கு படுத்துவிடும். எடையைப் படிப்படியாக ஏற்றச் சொல்லியிருந்தேன். உச்சிக்கு மேல் அந்த எடையைத் தாங்கும் நிலை பக்கத்தில் இல்லையே, பாவம் அது என்ன செய்யும்! எடைக்குப் பதில் அமுக்கத்தை ஏற்றச் சொன்னதும் ஓடியது.

டி.பி.யு. என்ற ரப்பர் மாதிரி பிளாஸ்டிக் இழையில், 3டி பிரிண்டரில் அச்சடித்தேன். 2 கிலோவுக்கு அமுங்க வேண்டியது கல் மாதிரி நின்றது. கைடு ஒன்றும் சொல்லவில்லை, தடிமன் அளக்கும் வெர்னியரை மேசையில் வைத்துவிட்டுப் போனார். 0.8 மி.மீ. பட்டை 0.9 ஆக வந்திருந்தது. வளைவதற்கு எதிரான விறைப்பு தடிமனின் மும்மடியில் ஏறும்: 1.42 மடங்கு!

அதன்பின் ஒவ்வொரு வடிவத்தையும் மூன்று தடவை கணக்கிட்டேன்: வரைந்தபடி, 0.1 கூடுதலாக, 0.1 குறைவாக. மூன்றில் மோசமானதுக்குத்தான் மார்க். கணினி மெல்லிய பட்டைகளைக் கைவிட்டு, 1.2 மி.மீ.யில் நீளமான பட்டைகளுக்குப் போனது. அதே பிழை அங்கே 1.27 மடங்குதான். சமதளம் முன்பு போல வழவழப்பாக இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை வராந்தாவில் நானே குதித்துப் பார்த்தேன். படம் அசையவில்லை. திங்கட்கிழமை வந்தால் மேசை 3 மி.மீ. இறங்கியிருக்கிறது. டி.பி.யு. சுமையின் கீழ் மெல்லத் தளரும். விசை துளி குறைந்தாலும் சமதளத்தில் பிடிமானம் ஏது? அந்தத் தளர்ச்சியை இனிமேல்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்போதைக்கு ஸ்பிரிங்கின் அடியில் ஒரு ஸ்க்ரூ வைத்து, திங்கள்தோறும் கால் சுற்று ஏற்றுகிறேன்.