மூன்று சிகரச் சின்னம்

"அண்ணா, டயர்ல எம் பிளஸ் எஸ், அதான் மட் அண்ட் ஸ்னோ, போட்டிருக்கு. ஸ்னோவுக்குப் போதும்தானே?"

டொராண்டோ டயர் கடையில், பிக்கப் வைத்திருக்கும் தம்பி கேட்டான்.

டயரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தேன். மூன்று சிகரமும் உள்ளே ஒரு பனிப்பூவும் இருக்கும் சின்னம் இல்லை.

எம் பிளஸ் எஸ் என்பது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகளின், அதாவது பட்டனின், அமைப்பை வைத்துப் போடுவது. சிகரச் சின்னம்தான் பனியில் ஓட்டிச் சோதித்துத் தருவது. அதுவும் இழுவைக்கு மட்டும். ஐஸில் பிரேக் பிடிக்குமா என்பதைப் பற்றி மூச்சு விடாது!

7 டிகிரிக்குக் கீழே சாதாரண ரப்பர் இறுகிவிடும், பட்டன் எவ்வளவு முரடாக இருந்தாலும்.

தம்பி கியூபெக் மாகாணத்து மொன்றியலுக்குக் குடிபோகிறான். கியூபெக்கில் பதிவான வண்டிக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். வருடம் முழுக்க ஒரே செட்தான் என்றால், சிகரச் சின்னம் உள்ள ஆல் டெரெய்ன், அதாவது தார் ரோட்டிலும் கரடுமுரடான தரையிலும் ஓடும் டயர், எடு என்றேன்.

சரி என்று விலை கேட்கப் போய்விட்டான்.