டிஸ்சார்ஜ் புக்கும் எம்.எல்.ஏ லெட்டர்பேடும்

மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஒரு எம்.எல்.ஏ ஆபீஸ்ல வேலை பாத்தேன். வேலூர் பக்கம். பேரு வேணாம், கட்சியும் வேணாம், ரெண்டுல எதைச் சொன்னாலும் படிக்கறவங்கள்ல பாதிப்பேர் அதோட நிறுத்திட்டு வேற சண்டைக்குப் போயிடுவாங்க. காலைல ஆபீஸ் திறந்ததும் மனு வாங்கறது, நோட்டுல பதியறது, லெட்டர்பேடுல டைப் அடிச்சு கையெழுத்துக்கு வைக்கறது, நடுவுல வர்ற போன் எல்லாம் எடுக்கறது, இதான் என் வேலை. ஊர்ல எல்லாரும் என்னை பி.ஏ.ன்னு நினைச்சுட்டு இருந்தாங்க, நானும் மறுக்கல, ஆனா நான் டைப்பிஸ்ட்தான்.

எங்க பக்கம் மிலிட்டரிக்காரங்க ஜாஸ்தி. கம்மவான்பேட்டைய எல்லாரும் மிலிட்டரி ஊர்னேதான் சொல்லுவாங்க, அந்த அளவுக்கு இல்லன்னாலும் எங்க தொகுதியிலயும் தெருவுக்கு நாலு பேராவது இருப்பாங்க. இது இன்னிக்கு நேத்து கதையும் இல்ல. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்லு இருக்கு, 1914-18 சண்டைக்கு இங்கேர்ந்து 277 பேர் போனாங்க, 14 பேர் உயிரை விட்டாங்கன்னு இங்கிலீஷ்ல வெட்டி வெச்சிருப்பாங்க. கீழ நின்னு வெங்காயத்துக்குப் பேரம் பேசறவங்க யாரும் நிமிந்து பாக்கறதில்ல, இந்த வேலைக்கு வர்ற வரைக்கும் நானும் பாத்ததில்ல. பாலாத்துல தண்ணி இல்ல, மானாவாரி நிலம், மழை பேஞ்சாதான் கடலை, அப்புறம் பசங்க விடியக்காலம் ரோட்ல ஓடிப் பழகி ஆள் எடுப்புக்குப் போகாம என்ன பண்ணுவாங்க. தேசபக்தி இல்லன்னு சொல்ல வரல, கூடவே மாசச் சம்பளமும் பென்ஷனும் இருந்துச்சுன்னு சொல்றேன். 2022ல நாலு வருஷ அக்னிபத் திட்டம் வர்றதுக்கு முன்னாடி சிப்பாயா சேந்தவர் பதினேழு வருஷம் முடிச்சு முப்பத்தஞ்சு, முப்பத்தாறு வயசுல வீட்டுக்கு வந்துடுவார், புள்ளைங்க அப்பதான் ஸ்கூல் போயிட்டிருக்கும், அதனால முன்னாள் படைவீரர்களுக்கு வேலை குடுக்கற அரசு நிறுவனமான டெக்ஸ்கோல பேரு குடுத்துட்டு எங்கயாவது செக்யூரிட்டி டிரஸ் மாட்டிக்கிட்டு நிப்பார்.

எங்க எம்.எல்.ஏ ஜெயிச்ச முதல் வருஷம் எல்லாரும் பண்றதத்தான் அவரும் பண்ணார். ஜூலை 26 கார்கில் நாளுக்கு ஒரு கல்யாண மண்டபம், முன்னாள் படைவீரர்கள் நூறு பேருக்கு சால்வை, சாப்பாடு. சால்வை மூட்டையப் பிரிச்சு ஒவ்வொண்ணா மேடைக்கு எடுத்துக் குடுத்தது நான்தான், அதனால பக்கத்துலயே நின்னேன். ஒரு பெரியவர், சுபேதாரா ரிட்டயர் ஆனவர், சால்வைய வாங்கிக்கிட்டு கீழ இறங்காம மெதுவா சொன்னார், "சால்வை வீட்ல ஏகப்பட்டது இருக்கு சார், செத்துப் போனவங்க வீட்டுப் பொம்பளைங்க பேப்பரைப் பாக்கத்தான் ஆள் இல்ல." எம்.எல்.ஏ சிரிச்சார், போட்டோ எடுத்தாங்க, அவர் இறங்கிட்டார். சாயங்காலம் கார்ல ஏறும்போது எம்.எல்.ஏ என்கிட்ட, "அந்த சுபேதார் நம்பர் வாங்கினியா?"ன்னார். வாங்கல. மறுநாள் மண்டபத்துல வெச்ச கையெழுத்து நோட்டப் புரட்டி, சங்கத்துல விசாரிச்சுக் கண்டுபிடிச்சேன்.

இதுல எம்.எல்.ஏவால என்ன முடியும்னு மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா வர்றவங்க நிறைய பேருக்கு இது தெரியாது. மிலிட்டரி பென்ஷன் மத்திய அரசு விஷயம், பிரயாக்ராஜ்ல இருக்கற டிபென்ஸ் பென்ஷன் ஆபீஸ்தான் எல்லாத்துக்கும் தலை, இப்ப எல்லாம் ஸ்பர்ஷ்னு ஆன்லைன்ல வந்துடுச்சு. சர்வீஸ் ரெக்கார்டு எந்தப் படையோ அந்த ஊர்ல இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூரு, ஆர்ட்டிலரின்னா நாசிக், சிக்னல்ஸ்னா ஜபல்பூர். இதுல எங்கயும் எங்க லெட்டர்பேடுக்கு சட்டப்படி ஒரு மதிப்பும் கிடையாது. மாநிலத்து கைல இருக்கறது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், டிசம்பர் 7 கொடிநாள் வசூல்லேர்ந்து குடுக்கற உதவி, அப்புறம் 2024 சுதந்திர தினத்துல அறிவிச்ச காக்கும் கரங்கள் மாதிரி தொழில் கடன் திட்டம், இப்படித்தான். எம்.எல்.ஏ நிதி வருஷத்துக்கு 3 கோடி இருக்குல்ல, எங்க சங்கத்துக்கு ஒரு ஹால் கட்டிக் குடுங்கன்னு எல்லா சங்கமும் கேக்கும், அதுக்கு அரசு இடம் வேணும், அது ஒரு தனி ராமாயணம்.

ஆனா லெட்டர் வேலையே செய்யாதுன்னும் இல்ல. எங்கயோ அடுக்குல கிடக்கற பைலை ஒருத்தர் எடுத்துப் பாக்கறதுக்கு அது உதவும். அதுவும் சரியான ஆபீஸுக்கு, சரியான நம்பரோட, என்ன குறைன்னு ஒரே வரில எழுதியிருந்தா. நான் முதல் வருஷம் அடிச்ச லெட்டர் எல்லாம் "மேற்படி மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு" வகை, பேரையும் தேதியையும் மட்டும் மாத்தி கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பிடுவேன். பிரயாக்ராஜ்ல இருக்கற விஷயத்துக்கு கலெக்டர் என்ன பண்ணுவார், அவரும் கீழ அனுப்புவார், கீழ இருக்கறவர் மனுதாரருக்கு "தங்கள் கோரிக்கை இவ்வலுவலகம் சார்ந்ததல்ல"ன்னு ஒரு பேப்பர் அனுப்புவார், அந்தப் பேப்பரைத் தூக்கிட்டு அவங்க மறுபடி எங்ககிட்டயே வருவாங்க.

அப்படி வந்தவங்கள்ல ஒரு பாட்டி. புருஷன் சாப்பர்ஸ்ல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆகி, செத்தும் ரொம்ப வருஷம் ஆச்சு. ஒரு திங்கக்கிழமை, மஞ்சப்பைக்குள்ள பிளாஸ்டிக் கவர், கவருக்குள்ள ஆர்மிலேர்ந்து வெளிய வரும்போது குடுக்கற டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓங்கற பென்ஷன் உத்தரவு, ஆதார், எல்லாத்தையும் டேபிள் மேல வெச்சுட்டு, "முதியோர் பென்ஷன் வாங்கிக் குடு தம்பி"ன்னுச்சு. பக்கத்து வீட்ல வாங்கறாங்களாம். நான் மிலிட்டரி குடும்ப பென்ஷன் வருதான்னு கேட்டேன், வருதுன்னுச்சு, அப்ப முதியோர் உதவித்தொகை கிடைக்காது பாட்டின்னு சொல்லி கவரைத் திறக்காமலே கையில திருப்பிக் குடுத்துட்டேன். ரூல்படி நான் சொன்னது சரிதான், அதான் இன்னும் உறுத்துது.

எட்டு மாசம் கழிச்சுதான் அந்தக் கவரை ஒருத்தர் திறந்தார். சால்வை மேடைல பேசினாரே அந்த சுபேதார் ஆர்மில கிளார்க்கா இருந்தவர், எம்.எல்.ஏ அவரைக் கூப்பிட்டுப் பேசி, ரெண்டாவது சனிக்கிழமை ஆனா எங்க ஆபீஸ் பின்னாடி ரூம்ல உக்கார வெச்சார். சம்பளம் எல்லாம் கிடையாது, டீயும் ஒரு டேபிள் பேனும்தான். அவரை எல்லாரும் சாப்னுதான் கூப்பிடுவாங்க, நானும் சாப்னே பழகிட்டேன். வர்றவங்ககிட்ட என்ன பிரச்சினைன்னே கேக்க மாட்டார், "பேப்பரைக் குடும்மா"ன்னு வாங்கி, மூக்குக் கண்ணாடிய இறக்கிவிட்டு, பி.பி.ஓவுல கட்டை விரலை ஒவ்வொரு கட்டமா நகத்திக்கிட்டே போவார். பாட்டி மறுபடியும் முதியோர் பென்ஷன் கேட்டுத்தான் வந்துச்சு. சாப் விரல் ஒரு இடத்துல நின்னுடுச்சு. குடும்ப பென்ஷன் வாங்கறவங்க பிறந்த தேதின்னு ஒரு கட்டம், அதுல ஒண்ணுமே இல்ல, வெறும் கோடு. "தம்பி, இந்தம்மாவுக்கு என்ன வயசு?" ஆதார் பாத்தேன், 84.

எண்பது முடிஞ்சா பென்ஷன்ல 20 சதவீதம் கூட சேக்கணும், 85க்கு 30, 90க்கு 40, அப்படியே ஏறும், நூறு வயசானா ரெண்டு மடங்கு. ஆனா பிறந்த தேதியே இல்லாதவங்களுக்கு எண்பது எப்ப ஆகும்? சிஸ்டத்துக்குத் தெரியாது. நாலு வருஷமா பாட்டிக்கு வரவேண்டியது வரல, அதுல எட்டு மாசம் என் கணக்கு. அந்தக் காலத்துல சிப்பாய் பொண்டாட்டி பேரையாவது ஒழுங்கா எழுதினாங்களே அதே பெருசுன்னார் சாப், நிறைய இடத்துல அதுவும் தப்பு, ரெக்கார்டுல ராணின்னு இருக்கும் ஆதார்ல ராணியம்மாள்னு இருக்கும், ரெண்டும் ஒரே ஆள்னு நிரூபிக்க ஒரு வருஷம். பாட்டிகிட்ட பொறந்த வருஷம் கேட்டா "அதெல்லாம் யாரு கண்டா"ன்னுச்சு, ஆனா புருஷனோட ஆர்மி நம்பரைக் கேட்டா கண்ணை மூடிக்கிட்டு ஏழு எண்ணையும் மூச்சு விடாம சொல்லுச்சு. வீட்ல ஒரு கருப்பு டிரங்குப் பெட்டி இருக்காம், மேல வெள்ளை பெயிண்ட்ல அந்த நம்பர், அரிசி போட்டு வெச்சிருக்குதாம்.

அன்னிக்கு சாப் சொல்லச் சொல்ல நான் அடிச்ச லெட்டர்தான் என் வாழ்க்கைல உருப்படியா அடிச்ச முதல் லெட்டர்னு நினைக்கறேன். பெங்களூரு ரெக்கார்ட்ஸுக்கு, மொத வரில ஆர்மி நம்பர், ரேங்க், பேரு, ரெண்டாவது வரில குறை, மூணாவது வரில என்னென்ன நகல் இணைச்சிருக்கோம், அவ்வளவுதான். ஆவனவும் இல்ல பரிசீலனையும் இல்ல.

நவம்பர் மாசம் வேற மாதிரி கூத்து. லைப் சர்டிபிகேட் குடுக்கலன்னா பென்ஷன் நின்னுடும். கடலை உரிச்சு உரிச்சு ரேகை தேஞ்ச கைங்க, கைரேகை மெஷின்ல எத்தனை தடவ வெச்சாலும் சிவப்பு விளக்குதான் எரியும். அப்புறம் முகத்தைக் காட்டினா போதும்னு ஆப் வந்துச்சு. படுத்த படுக்கையா இருக்கறவங்க வீட்டுக்கு நாங்களே போனோம், ரெண்டு தடவ எம்.எல்.ஏவும் வந்தார். ஒரு தாத்தா, கட்டில்ல படுத்திருக்கார், ஆப் கண்ணை சிமிட்டச் சொல்லுது, அவருக்குக் காது கேக்கல. எம்.எல்.ஏ தரையில மண்டி போட்டு போனைப் பிடிச்சுக்கிட்டு தன் கண்ணை சிமிட்டி சிமிட்டிக் காட்டறார், தாத்தா என்னடா இந்த ஆளு நம்மளப் பாத்து கண்ணடிக்கறான்னு முழிக்கறார். மருமக சிரிச்சதுல அவரும் சிரிச்சார், சிரிச்சதுல கண்ணு மூடித் திறந்துச்சு, ஆப் பச்சை காட்டிடுச்சு. கூட வந்த கட்சிக்காரப் பையன் இதை போட்டோ எடுத்து பேஸ்புக்ல போட்டான்னு வைங்க. ஓட்டுக்காகத்தானேன்னு கேப்பீங்க, ஆமா, ஓட்டும்தான். ஓட்டுக்காக ரோட்டை மறிக்கறவங்களையும் பாத்திருக்கேன்.

ஒரு விஷயத்துல மட்டும் நாங்க எல்லாருமே தடுமாறினோம். ஒரு கொடிநாள் கூட்டத்துல எம்.எல்.ஏ 62, 65, 71, கார்கில்னு நம்ம ஆர்மி போட்ட சண்டைகளை வரிசையா சொல்லிப் பேசினார், அந்தப் பேச்சை எழுதிக் குடுத்தது நான்தான். என் பக்கத்து சேர்ல இருந்தவர், "நடுவுல மூணு வருஷத்தைக் காணோம்"னார், அவ்வளவுதான், அப்புறம் பேசல. 87லேர்ந்து 90 வரைக்கும், இலங்கை. அமைதிப்படைல போயிட்டு வந்தவராம். அந்தப் படை 1990 மார்ச்ல திரும்பி வந்தப்ப அப்போதைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகல, ஈழத்துல நடந்ததைப் பத்தி தமிழ்நாட்டுல இருந்த கோவம் அப்படி, அந்தக் கோவம் சரியா தப்பான்னு பேச நான் ஆள் இல்ல. ஆனா ஆர்டர் வந்துச்சு போனேன்னு வந்து உக்காந்திருக்கற அறுபத்தஞ்சு வயசு மனுஷன்கிட்ட என்ன சொல்றது. எம்.எல்.ஏகிட்ட சொன்னேன், அவர் ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அடுத்த வருஷம் பேச்சுல "இலங்கைக்குப் போனவங்களும் இங்க இருக்கீங்க"ன்னு ஒரு வரி சேத்துக்கிட்டார். யாரும் கை தட்டல. அந்த மனுஷனும் தட்டல, குனிஞ்சு செருப்பையே பாத்துட்டு இருந்தார்.

பாட்டி பேப்பர் பெங்களூரு போய், அங்கேர்ந்து பிரயாக்ராஜ் போய், திருத்தின பி.பி.ஓ வந்து சேர பத்து மாசம் ஆச்சு. நடுவுல ரெண்டு ஞாபகக் கடிதம், சாப் தன் பழைய யூனிட் ஆளுங்களுக்குப் பண்ண போன் எத்தனைன்னு தெரியாது. பாக்கி எல்லாம் சேத்து ஒரு லட்சத்துக்கு மேல பேங்க்ல விழுந்துச்சு. பாட்டி ஆபீஸுக்கு வந்து, அதே மஞ்சப்பைலேர்ந்து ஒரு படி கடலைய டேபிள்ல கொட்டுச்சு, பச்சைக் கடலை, மண்ணு கூடப் போகல. சாப் தலைல கை வெச்சு நல்லா இருன்னுச்சு, அவருக்கே எழுபத்தி ரெண்டு வயசு. அப்புறம் சேரை இழுத்து என் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்காந்துச்சு.

"அதெல்லாம் சரி தம்பி, பக்கத்து வீட்டுக்காரிக்கு இப்ப ஆயிரத்து எரநூறு வருதாமே, எனக்கு அது எப்ப வரும்?"

சாப் கடலை உரிச்சுக்கிட்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். நான் மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சேன், "பாட்டி, மிலிட்டரி பென்ஷன் வர்றவங்களுக்கு..."