பஸ் எங்கே நிற்கும்?

எங்கள் பயணக் கப்பல் கரீபியன் தீவான டொமினிக்கா போய்ச் சேருவதற்கு முந்தின சாயங்காலம், கப்பலில் டூர் விற்கும் என் மேசைக்கு அந்த அம்மா வந்து கேட்டது ஒரே ஒரு கேள்விதான். டிராஃபால்கர் அருவிப் பக்கம் போகிற பஸ் தலைநகர் ரோஸோவில் எங்கே நிற்கும்? டூர் எதுவும் வேண்டாம், நாற்பது பேரோடு போக வேண்டாம், காட்டுக்குள் தன் பாட்டுக்குக் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும் என்றார். வயது எழுபதை ஒட்டி இருக்கும். கழுத்தில் பைனாகுலர், காலில் நன்றாக உழைத்த ஷூ.

நான் சொன்ன முதல் பதில் இது: “நீங்கள் தனியாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, மேடம்.”

அவர் கோபப்படவில்லை. “அது எனக்குத் தெரியும். பஸ் எங்கே நிற்கும் என்றுதான் கேட்டேன்” என்றார்.

அந்த இரண்டு பேச்சையும் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னைக் குழப்புகிறது. பொய்யாக இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

கப்பல் மூலம் டூர் எடுத்தவர்களின் வண்டி தாமதமானால் கப்பல் பொறுத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காக அப்படி நிற்காது. புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்னால் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். ஏறாதவர்களின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவோம். அப்புறமும் வரவில்லை என்றால் அறைப் பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிடும். கயிறுகளை அவிழ்த்த பிறகு துறைமுக மேடையில் ஓடி வந்த ஒரு தம்பதியை மேல்தளத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டொமினிக்காவில் அப்படி மாட்டிக்கொண்டால் சுலபம் இல்லை. டக்ளஸ்-சார்லஸ் விமான நிலையம் தீவின் வடகிழக்கில் இருக்கிறது, ரோஸோவிலிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கே போனாலும் கப்பலின் அடுத்த துறைமுகத்துக்கு அன்றைக்கே விமானம் கிடைக்கும் என்பது நிச்சயமில்லை. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு வயதானவரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? முடியாது.

ஆனால் அதே வாக்கியம்தான் எங்கள் மேசையில் டூர்களையும் விற்றுத் தருகிறது. பிரிவுக்கு விற்பனை இலக்கு உண்டு, என் பெயருக்கு நேரேயும் ஒரு எண் உண்டு. “கப்பல் காத்திருக்காது” என்றதும் எதிரில் நிற்பவரின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நிற்கும் கணவரைப் பார்ப்பார்கள், சரி, கப்பல் டூரே போடுங்கள் என்பார்கள். பயமுறுத்தி விற்கும்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. மேலாளர் சொன்னது வேறு. தகவல் கேட்டால் கொடு, இப்படிப் போ என்று வழி மட்டும் காட்டாதே, நீ சொன்ன வண்டியில் போய் ஒன்று ஆகிவிட்டால் கேள்வி நம்மிடம்தான் வரும் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. பஸ் நிற்கும் இடம் தகவலா, வழிகாட்டலா என்பதை அவரிடம் நான் கேட்டதில்லை.

இதே கேள்வி இன்னொரு கரீபியன் தீவான கிரனடாவுக்கு வந்திருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். அங்கே மெல்வில் தெருவில் கப்பல் முனையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே பஸ் நிலையம். வேன்களில் எண் இருக்கும். ஆறாம் எண் வேன் கிரென்வில் போகும் வழியில் மலை மேல் கிராண்ட் ஏட்டாங் ஏரியைக் கடந்துதான் போகும். டிரைவரிடம் முன்கூட்டிச் சொன்னால் அங்கே இறக்கிவிடுவார். பழைய எரிமலை வாயில் தேங்கிய ஏரி, சுற்றிலும் காட்டுப் பாதைகள், ஆப்பிரிக்காவிலிருந்து எப்போதோ கொண்டுவரப்பட்ட மோனா குரங்குகள். திரும்பும்போது அதே சாலையோரத்தில் நின்று கை காட்டினால் போதும். செயின்ட் தாமஸ் தீவும் கஷ்டமில்லை. டாக்சியில் ரெட் ஹுக் போய், இருபது நிமிடப் படகில் செயின்ட் ஜான் தீவில் இறங்கினால் குரூஸ் பேயில் தேசியப் பூங்கா அலுவலகத்தின் பின்னாலேயே லிண்ட் பாயின்ட் பாதை தொடங்கிவிடுகிறது. அங்கே வண்டியே தேவையில்லை. படகுக்கு நேரப் பட்டியல் இருப்பதால் திரும்பி வரும் நேரத்தையும் கணக்குப் போட்டுவிடலாம்.

டொமினிக்காவில் அந்த மாதிரி எண்ணும் இல்லை, பட்டியலும் இல்லை. பஸ் என்றால் அங்கேயும் வேன்தான். நம்பர் பிளேட் எச் என்ற எழுத்தில் தொடங்கும். ஆள் நிறைந்தால் கிளம்பும். காலையில் கிராமத்திலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் நிறைய, சாயங்காலம் ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் நிறைய. நடுப்பகலில் கூட்டம் குறைவு. வெளியூர்க்காரர் தனியாக ஏறினால் அதே வேனே வாடகை வண்டியாகவும் மாறிவிடலாம், அதனால் ஏறுவதற்கு முன்னாலேயே “பஸ் கட்டணம்தானே” என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டிராஃபால்கர் வேன் கிராமத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து அருவி வாசல் வரை ஏற்றத்தில் நடக்க வேண்டும். வாசலில் கட்டணம் கட்டி உள்ளே போனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பார்வை மேடை. தகப்பன், தாய் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இரண்டு அருவிகளும் அங்கே நின்றால் ஒன்றாகத் தெரியும். ரோஸோவிலிருந்து மொத்தத் தூரமே எட்டுக் கிலோமீட்டர் சுமார்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. மேடையில் எங்கள் டூர்களுக்கு வண்டி ஓட்டும் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னது. பஸ் நிற்கும் தெருவையும் அவர் சொல்லியிருந்தார். அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகத் தாவரவியல் பூங்காவைச் சொன்னேன். இதை மழுப்பல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கப்பலிலிருந்து நடந்தே போகலாம். 1979-ல் டேவிட் புயல் அடித்தபோது ஒரு ஆப்பிரிக்கப் பவோபாப் மரம் பஸ் மேல் விழுந்தது. நசுங்கிய பஸ் இன்னும் அங்கே கிடக்கிறது, மரமும் சாகாமல் திரும்பத் தழைத்திருக்கிறது. பூங்காவின் பின்பக்கம் ஜாக்ஸ் வாக் என்ற பாதை மரங்களுக்குள் புகுந்து மார்ன் புரூஸ் குன்றுக்கு ஏறுகிறது. இருபது நிமிட ஏற்றம். மேலே நின்றால் ஊர் முழுவதும் காலடியில். காசும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். இதை ஒரு பெருமையோடுதான் சொன்னேன். “அங்கிருந்து பார்த்தால் உங்கள் கப்பலும் நேர் எதிரே தெரியும்” என்று சேர்த்துக்கொண்டேன்.

“கப்பலைப் பார்த்துக்கொண்டே நடக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?” என்றார் அவர்.

அப்புறம் அவராகவே கொஞ்சம் பேசினார். டொமினிக்காவின் தேசியக் கொடியில் இருக்கிற சிசெரூ கிளியை ஒரு நாளில் பார்த்துவிடலாம் என்று தான் நினைக்கவில்லை, அது வடக்கே டயபிளோட்டின் மலையின் உயரத்தில் இருக்கிற பறவை, அங்கே போய்த் திரும்ப நேரம் போதாது என்றார். கொதிக்கும் ஏரிக்குப் போவதும் தன் திட்டத்தில் இல்லை, லோடா கிராமத்திலிருந்து நடந்து போய் வரவே ஆறு மணி நேரம் பிடிக்கும், வழிகாட்டியும் வேண்டும் என்றார். எல்லாம் சரியான தகவல்கள். எதை விட வேண்டும் என்று தெரிந்து விட்டுவிட்டு, கைக்கு எட்டுகிற ஒன்றை மட்டும் கேட்க வந்தவர் அவர். அவரிடம் போய்க் கப்பல் காத்திருக்காது என்று சொல்லியிருக்கிறேன்.

“நீங்கள் அந்த அருவிக்குப் போயிருக்கிறீர்களா?” என்று கேட்டார். போயிருக்கிறேன், எங்கள் டூர் வண்டியோடு என்றேன். “வேனில்?” இல்லை என்றேன். சரி என்று தலையாட்டி, பூங்காவின் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

மறுநாள் விடிகாலை மலை மேல் நல்ல மழை. அருவிக்குக் கீழே பாறைகள் எப்படி வழுக்கும் என்று பார்த்தவள் நான். அந்தப் பள்ளத்தாக்கில் மேலே பெய்கிற மழைக்குக் கீழே ஆறு திடீரென்று ஏறும். சொல்லாமல் விட்டதே நல்லது என்று காலையில் தோன்றியது. ஒன்பது மணிக்கு வெயில் வந்ததும் அந்த நிம்மதி போய்விட்டது.

மூன்றரை மணிக்குக் கப்பலில் ஏறி இறங்கும் வாசலான கேங்வேக்குப் போன் செய்தேன். அங்கே செக்யூரிட்டியில் தூத்துக்குடித் தம்பி ஒருவன் இருந்தான். அறை எண்ணைச் சொல்லி, ஏறிவிட்டார்களா என்று பார்க்கச் சொன்னேன். “அவங்க பன்னிரண்டரைக்கே ஏறிட்டாங்களே அக்கா. ஏன், ஏதாவது பிரச்சினையா?” ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

பன்னிரண்டரை. காலை எட்டு மணிக்கு இறங்கியிருந்தால் வேன் பிடித்து, கிராமத்திலிருந்து நடந்து, அருவியைப் பார்த்து, திரும்பவும் வேன் பிடித்துப் பன்னிரண்டரைக்கு வந்துவிடலாம். நேரம் தாராளமாக இருக்கிறது. அப்படியானால் தெருவில் யாரையோ கேட்டுப் போய்விட்டார், என் பதில் தேவைப்படவே இல்லை. அல்லது பூங்காவைச் சுற்றிவிட்டு, ஜாக்ஸ் வாக் ஏறி இறங்கி, வெயிலுக்குப் பயந்து திரும்பியிருக்கலாம். அல்லது வேனுக்காகக் காத்து நின்று, அது நிறைவதற்குள் நான் சொன்னது ஞாபகம் வந்து, வேண்டாம் என்று நடையைக் கட்டியிருக்கலாம். இந்த மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. கப்பல் கிளம்ப நாலரை மணி நேரம் இருந்தும் ஒரு மனுஷி திரும்பி வந்திருந்தால், அது நான் வைத்த பயம்.

கேட்டிருக்கலாமே என்று தோழி சொன்னாள். அவரை இரண்டு நாள் கழித்து லிஃப்ட் பக்கம் பார்த்தேன். சிரித்தார், நானும் சிரித்தேன். கேட்கவில்லை. கேட்டு, அருவிக்குப் போனேன் என்று அவர் சொல்லியிருந்தால் என் எச்சரிக்கை வீண் என்றாகும். போகவில்லை என்றால் அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? விருந்தினரிடம் நடந்த பயணத்தைப் பற்றி நாங்களாகக் கிளறக் கூடாது என்ற வழக்கமும் உண்டு. அந்த வழக்கம் எனக்கு அன்றைக்கு வசதியாக இருந்தது.

வேனில் போவதுதான் நல்லது, டூரில் போவது தப்பு என்று எனக்குச் சொல்ல வராது. எங்கள் டூர்களை நடத்துகிறவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். 2017 செப்டம்பரில் மரியா புயல் தீவையே புரட்டிப் போட்டது. காடு இலை ஒன்றில்லாமல் பழுப்பாக நின்றது. அந்த நாட்களைப் பற்றி வழிகாட்டிகள் பேசும்போது குரல் மாறும். கப்பல்கள் திரும்ப வந்தபோதுதான் பலருக்கு வேலையும் திரும்பியது. ஆனால் ரோஸோ மேடையில் இறங்குகிற கூட்டத்தில், டூர் ஸ்டிக்கர் ஒட்டாமல், கிழக்குக் கரீபிய டாலரில் வேன் கூலி கொடுத்துவிட்டு, சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்களோடு நெருக்கி உட்கார்ந்து மலையேறுகிறவர்கள் மிகக் குறைவு. அப்படிப் போக ஆசைப்படுகிறவர்கள்தான் அந்தத் தீவை உண்மையில் பார்க்கப் போகிறவர்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் கேட்பதற்கு என் மேசைக்குத்தான் வருகிறார்கள். வேறு யாரிடம் போவார்கள்?

இப்படி யோசித்து முடித்த பிறகும், கொஞ்ச நாள் கழித்து இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ஒருவர் வந்து டிட்டூ கார்ஜுக்குத் தனியாகப் போவது எப்படி என்று கேட்டபோது, என் வாயில் முதலில் வந்தது அதே வாக்கியம்தான். அதற்கு நான் வருத்தப்படவில்லை. பாறை இடுக்குக்குள் நீந்திப் போகிற இடம், அன்றைக்கு முன்னறிவிப்பிலேயே மழை. அவர் கப்பல் டூர் எடுத்தார். என் எண் ஒன்று கூடியது. அதை எங்கே வைத்து யோசிப்பது என்றுதான் தெரியவில்லை.

பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் இப்போது சொல்லிவிடுகிறேன். மேலாளர் காதில் விழுந்தாலும் பரவாயில்லை, அது தகவல்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். கப்பல் நேரத்தையும் சொல்கிறேன். எதை முதலில் சொல்வது என்பதில்தான் இன்னும் தடுமாற்றம். நேரத்தை முதலில் சொன்னால் பஸ் அவர்கள் காதில் ஏறுவதில்லை. பஸ்ஸை முதலில் சொன்னால், நேரத்தைச் சொல்வதற்குள் சிலர் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், நான் மேசையை விட்டு எழுந்து பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.