நடுவில் நிற்பவர்களைக் கேளுங்கள்

அகதிகளுக்காகப் பாடுபடும் தொண்டு நிறுவனங்கள் பல கருத்துக்கணிப்பு எடுத்ததும் "பெரும்பாலான மக்கள் எங்கள் பக்கம்" என்று ஓர் அறிக்கை விடும். அதோடு சரி. என்னைக் கேட்டால், கணிப்பின் உண்மையான பயன் நடுவில் நிற்பவர்களைப் புரிந்துகொள்வதுதான். போரிலிருந்து தப்பி வந்தவர் மேல் இரக்கமும், "எல்லையில் ஓர் ஒழுங்கு வேண்டாமா?" என்ற கவலையும் ஒரே ஆளிடம் இருக்கும். அவரை இனவாதி என்று திட்டினால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

பிரிட்டனில் 2018-இல் தொடங்கிய 'லிஃப்ட் தி பேன்' (தடையை நீக்கு) பிரசாரத்தைப் பாருங்கள். தஞ்சம் கோரியவர் வேலை செய்ய அனுமதி கேட்கவே 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அங்கிருந்த விதி. பிரசாரக்காரர்கள் மனித உரிமையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உழைக்க விட்டால் வரி கட்டுவார்கள், அரசுக்கும் செலவு குறையும் என்றார்கள். குடியேற்றமே பிடிக்காதவர்கூடத் தலையாட்டக்கூடிய வாதம்.

புள்ளிவிவரத்தை மட்டும் நம்பி இறங்குபவர்களும் உண்டு. தங்கள் நாட்டில் குடியேறியவர்கள் எவ்வளவு பேர் என்று கேட்டால், பல நாடுகளில் மக்கள் உண்மையைவிட அதிகமாகவே சொல்கிறார்கள். இப்சாஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணிப்புகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது. சரி, உண்மையான எண்ணைச் சொன்னால் மனம் மாறுமா? பெரும்பாலும் மாறுவதில்லை என்கின்றன ஆய்வுகள்.

அப்புறம், குற்றச்செயல் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டு உடனே அகதிகளைப் பற்றிக் கேட்டால் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. நமக்குச் சாதகமாகக் கேள்விகளின் வரிசையை மாற்றிப்போடுவதும் அதே தில்லுமுல்லுதான். எதிர்த்தரப்பு கேள்வித்தாளைக் கேட்டால் தயங்காமல் எடுத்து நீட்ட முடிய வேண்டும்.