லாரி டர்போவுக்குப் பின்னால் இன்னொரு தீ

வீட்டில் கட்டிய ஜெட் எஞ்சினுக்கு ஆஃப்டர்பர்னர் (எஞ்சினிலிருந்து வெளியேறும் காற்றில் மறுபடி எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் குழாய்) வைக்கிறோம் என்று சொன்னால், "எவ்வளவு எரிபொருள் ஊத்துவீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஊற்றுவது சுலபம். வேகமாக ஓடும் காற்றுக்குள் ஒரு சுடரை அணையாமல் நிற்க வைப்பதிலும், எரிந்து விரிந்த காற்றுக்கு வெளியேற வழிவிடுவதிலும்தான் எங்கள் உழைப்பு முழுவதும் போனது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் எடுத்த லாரி டர்போ. சூடான காற்றில் சுழலும் டர்பைன் சக்கரமும், அதே தண்டில் சுழன்று காற்றை அமுக்கித் தள்ளும் கம்ப்ரசரும் சேர்ந்ததுதான் டர்போ. கம்ப்ரசர் வாயின் விட்டம் 60 மி.மீ. இந்த மாதிரி எஞ்சின் கட்டுகிறவர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்குப்படி, உள்ளே இருக்கும் எரிகுழாயின் விட்டம் இதற்கு இரண்டு மடங்கு, நீளம் ஆறு மடங்கு, துளைகளின் மொத்தப் பரப்பு வாயின் பரப்புக்குச் சமம். கேஸில் பற்றவைத்து, சூடு ஏறியதும் டீசலுக்கு மாற்றுவோம். ஆயிலுக்குத் தனி மோட்டார் பம்ப். டர்பைனைத் தாண்டி வரும் காற்று 600 டிகிரியில் ஆடாமல் நின்ற பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டோம். எஞ்சினே தடுமாறும் நிலையில் பின்னால் இன்னொரு தீயைச் சேர்க்கவே கூடாது.

டர்பைனிலிருந்து வருவது வெறும் புகை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கிலோ டீசல் முழுதாக எரியச் சுமார் 15 கிலோ காற்று போதும். அந்தச் சூட்டை டர்பைன் சக்கரம் தாங்காது என்பதால் 60 கிலோ அளவுக்குக் காற்றை விடுகிறோம். ஆக, ஆக்சிஜனில் முக்கால்வாசி செலவாகாமல் வெளியே போகிறது. அதை எரிக்கத்தான் ஆஃப்டர்பர்னர். டர்பைனுக்குப் பின்னால் சுழலும் பாகம் ஏதும் இல்லாததால் அங்கே 1400 டிகிரி வரைகூடப் போகலாம்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. எங்கள் கணக்குப்படி 75 மி.மீ. குழாயில் காற்று வினாடிக்கு 150 மீட்டர் ஓடுகிறது. சாதாரண வெப்பத்தில், அசையாத கேஸ் கலவைக்குள் சுடர் நகரும் வேகமோ வினாடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. சூடும் சுழலும் சேர்ந்தால் அது கூடும் என்றாலும் 150-ஐ எட்டவே எட்டாது. அதனால் முதலில் 75-லிருந்து 125 மி.மீ.க்கு விரியும் கூம்பு ஒன்று வைத்தோம். பக்கத்துக்கு 7 டிகிரிக்கு மேல் சாய்த்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்துவிடும் என்பதால் கூம்பு மட்டுமே 20 செ.மீ. நீளம் வந்தது. அதைத் தாண்டியதும் வேகம் சுமார் 55 மீட்டர்.

அப்புறம் சுடர் நிற்க ஓர் இடம் வேண்டும். ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழன்றுகொண்டு அங்கேயே நிற்குமே, அந்த மாதிரி ஓர் இடம். ஆங்கில 'வி' எழுத்துபோல மடித்த எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டை 70 மி.மீ. வளையமாக வளைத்து, கூர்முனை காற்றைப் பார்க்கும்படி குழாயின் நடுவில் பொருத்தினோம். தகட்டின் அகலம் 20 மி.மீ. குழாயின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் அது அடைத்துக்கொள்ளும். அதன் மறைவில் ஸ்பார்க் பிளக். வளையத்துக்கு முன்னால், காற்று வரும் பக்கமாக ஒரு சாண் தள்ளி, ஒரு மி.மீ. துளைகள் போட்ட கேஸ் குழாய். கலப்பதற்கு அந்தத் தூரம் கட்டாயம் வேண்டும்.

வளையத்தை வெல்டிங் செய்த பட்டறை அண்ணன் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தன நேரம் தாங்கோணும் தம்பி?" என்றார்.

"ஒரு தடவைக்கு அரை நிமிசம்ங்கண்ணா."

"அப்ப 304 போதும். அதுக்கு மேலன்னா 310 போடோணும்."

அவர் சொன்ன எண்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் ரகங்கள். சொன்னது சரி. 304 சுமார் 900 டிகிரியிலேயே செதில் விட ஆரம்பிக்கும். 310 இன்னும் 200 டிகிரி தாங்கும். குழாய்க்கு 304, வளையத்துக்கு மட்டும் 310 என்று முடிவு செய்தோம். இப்போது எங்கள் வளையத்தின் ஓரங்களில் கருநீலம் ஏறியிருக்கிறது, தகடு வளையவில்லை.

கேஸுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டைச் சேர்த்து இணைத்தோம். வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் இதற்கு உதவாது. எஞ்சின் குழாய்க்குள் இருக்கும் அழுத்தமே அது தருவதைவிடப் பல மடங்கு. ஒற்றை சிலிண்டரில் இவ்வளவு வேகமாக வாயு எடுத்தால் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பிடித்து அழுத்தம் இறங்கிவிடும்.

காற்று கடைசியாக வெளியேறும் குறுகிய வாயான நாசிலுக்கு வருவோம். 600 டிகிரி காற்று 1400 ஆனால், கெல்வினில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. காற்று வெளியேறும் வேகம் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும், அது 1.38. உந்துவிசை அதிகபட்சம் அந்த அளவுக்குத்தான் கூடும், வெளியேறும் வாயின் பரப்பையும் அதே அளவுக்குக் கூட்டியாக வேண்டும். அதாவது 60 மி.மீ. நாசில் 70 ஆக வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, 60 நாசிலோடேயே கேஸை மிக மெல்லத் திறந்து பார்த்தோம். பின்னால் சுடர் பிடித்ததுமே டர்பைன் வெப்பமானி விறுவிறுவென ஏறியது, கம்ப்ரசர் பக்கம் "டுப்... டுப்" என்று காற்று திருப்பியடித்தது. உடனே கேஸை மூடிவிட்டோம். புத்தகக் கணக்கை உடம்பால் உணர்ந்த நிமிடம் அது.

70 நாசிலை மாட்டிப் பற்றவைத்தபோது முதலில் ஒரு தடித்த அடி, பிறகு அடிவயிற்றில் அதிரும் சீரான இரைச்சல். குழாய் மங்கிய சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு வந்தது. தராசில் 12 கிலோ காட்டிக்கொண்டிருந்த உந்துவிசை பதினைந்தரைக்குப் போனது. எரிபொருள் செலவோ இரண்டு மடங்குக்கு மேல். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து பறக்கும் தேஜஸ் போர் விமானத்தின் எஃப்404 எஞ்சினே ஆஃப்டர்பர்னர் இல்லாமல் சுமார் 54, போட்டால் சுமார் 85 கிலோநியூட்டன் தருகிறது. விமானிகள் அதை ஏன் தேவைப்படும்போது மட்டும் போடுகிறார்கள் என்பது சிலிண்டர் காலியாகும் வேகத்தைப் பார்த்தாலே புரியும்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊருக்குள் வேண்டாம், நாங்கள் அன்னூர் பக்கம் நண்பரின் தோட்டத்தில்தான் ஓட்டினோம். டர்பைன் சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. சக்கரம் உடைந்தால் துண்டுகள் அந்தத் திசையில்தான் பறக்கும். மணல் மூட்டை, தடித்த இரும்புத் தகடு, காதுக் கவசம், தீயணைப்பான், தூரத்திலிருந்து மூடும் வால்வு எல்லாம் இருக்க வேண்டும். ஒரு தடவை பற்றாமல் போனால் உடனே மறுபடி ஸ்பார்க் கொடுக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, குழாயின் அடியில் தங்கும். ஊதி வெளியேற்றிவிட்டுத்தான் அடுத்த முயற்சி. நிறுத்தும்போது ஆஃப்டர்பர்னர் கேஸ் முதலில், டீசல் அடுத்து. எஞ்சின் ஆறும்வரை ஆயில் பம்ப் ஓடட்டும்.

70 நாசில் மாட்டியிருக்கையில் பின் தீ இல்லாமல் ஓட்டினால் உந்துவிசை குறைகிறது. அதனால் இமைபோல இரண்டு மடல் திறந்து மூடும் நாசில் ஒன்றை இப்போது செய்துகொண்டிருக்கிறோம். ஆரம்பகால ஆஃப்டர்பர்னர்களிலும் இந்த இரு நிலை அமைப்பு இருந்தது. இழுக்க பைக் கிளட்ச் கேபிள், கீல் ஊசியைச் சுற்றி ஒரு மி.மீ. இடைவெளி. சூட்டில் கீல் இறுகாமல் இருந்தால் அடுத்த ஓட்டத்தில் பின் தீயோடும் அது இல்லாமலும் உந்துவிசையை ஒரே தடவையில் அளந்துவிடலாம்.